தோல்: எந்த ஆழத்தில் என்ன நடக்கிறது

தோலைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் நிறத்தில் தொடங்கிப் பொலிவில் முடிந்துவிடுகிறது. இதயம், ஈரல், சிறுநீரகம் என்று உறுப்புகளை அடுக்குபவர்கள் தோலைச் சேர்த்துச் சொல்வதே அபூர்வம். வளர்ந்த ஒருவரின் தோலை விரித்துப் பார்த்தால் ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் வரை பரப்பு தேறும். அடியிலுள்ள கொழுப்பையும் சேர்த்து எடைபோட்டால் உடல் எடையில் ஏறத்தாழ 15 விழுக்காடு வரும். எனக்கு விரல் கணுக்களில் பல ஆண்டுகளாகக் கரப்பான் (எக்சிமா என்னும் தோல் அழற்சி) வருவதும் போவதுமாக இருக்கிறது. அதை முன்னிட்டுத்தான் தோலைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். மற்றபடி நான் மருத்துவன் அல்லன். படிக்கப் படிக்க ஒன்று விளங்கியது. மேலே தெரியும் திட்டின் வடிவத்தையும் நிறத்தையும் பார்த்துக் குழம்புவதைவிட, அந்தக் கோளாறு தோலின் எந்த ஆழத்தில் பிறக்கிறது என்று கேட்டால் பாதிச் சிக்கல் அவிழ்ந்துவிடுகிறது. ஏன் ஒன்று அரிக்கிறது, ஏன் இன்னொன்று வலிக்கிறது, எது தழும்பில்லாமல் ஆறும், எது வடுவை விட்டுப்போகும் என்பதற்கெல்லாம் அந்த ஒரு கேள்வியே வழிகாட்டுகிறது. ஆகவே இந்தப் பதிவில் மேலிருந்து கீழாக இறங்கிப் போகிறேன்.

தோலுக்கு மூன்று அடுக்குகள். வெளியே மேல்தோல், அதன் கீழே அடித்தோல், அதற்கும் கீழே தோலடிக் கொழுப்பு. மேல்தோல் உடலின் பெரும்பகுதியில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமன்தான். கண்ணிமையில் அதிலும் பாதி. உள்ளங்காலில் மட்டும் ஒன்றரை மில்லிமீட்டர் வரை தடித்திருக்கும். இந்த மேல்தோலில் ரத்தக் குழாய் ஒன்றுகூடக் கிடையாது. முகச்சவரம் செய்யும்போது லேசாகச் சீவிய இடம் ஈரமாகப் பளபளத்துவிட்டு ரத்தம் வராமலே ஆறுகிறது என்றால், கத்தி மேல்தோலைத் தாண்டவில்லை என்று பொருள். ரத்தம் துளிர்த்துவிட்டால் அடித்தோலைத் தொட்டுவிட்டது.

மேல்தோலின் அடிவரிசையில் செல்கள் ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கின்றன. புதிதாகப் பிறந்த செல் மேல் நோக்கித் தள்ளப்படும். போகிற வழியில் தனக்குள் கெரட்டின் என்னும் புரதத்தை நிரப்பிக்கொள்ளும். ஏறத்தாழ இரண்டு வாரத்தில் தன் உட்கருவையும் மற்ற உள்ளுறுப்புகளையும் தானே அழித்துக்கொண்டு தட்டையான செதிலாகிவிடும். அதன்பின் மேலும் இரண்டு வாரம் மேற்பரப்பில் இருந்துவிட்டு உதிர்ந்துபோகும். இந்தச் சாவு விபத்தன்று. அதற்காகவே அந்தச் செல் பிறந்தது. கண்ணாடியில் நாம் பார்த்துக் கவலைப்படுகிற முகத்தின் மேற்பரப்பு முழுவதும் இறந்த செல்களே. உயிருள்ள அத்தனை அடுக்குகளும் சேர்ந்து உற்பத்தி செய்யும் சரக்கு இந்த இறந்த வெளிப்படலம்தான் என்று சொன்னால் மிகையாகாது.

அந்த வெளிப்படலத்தைச் செங்கல் சுவரோடு ஒப்பிடுவது மருத்துவ நூல்களில் வழக்கம். அதைவிடப் பொருத்தமான ஒப்புமை எனக்கும் கிடைக்கவில்லை. இறந்த செல்கள் செங்கற்கள். அவற்றுக்கிடையே செராமைடு, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலங்கள் மூன்றும் கலந்த பூச்சு. 15 முதல் 20 வரிசை அடுக்கப்பட்ட இந்தச் சுவர்தான் உடலின் நீரை உள்ளே நிறுத்திவைக்கிறது. அப்படியும் வியர்வையைச் சேர்க்காமலே நாளொன்றுக்கு 300 முதல் 400 மில்லிலிட்டர் நீர் தோல் வழியாகக் கசிந்து ஆவியாகிறது. பெரிய தீக்காயம் பட்டவர்களுக்கு முதல் மணிநேரங்களில் ரத்தக் குழாய் வழியாக லிட்டர் கணக்கில் நீர்மம் ஏற்றுவதற்குச் சுவர் போய்விட்டதும் ஒரு காரணம். சுவரின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது. அமிலகார அளவு 5-ஐ ஒட்டியிருக்கும். சாதாரணச் சோப்பின் அளவோ 9 முதல் 10. ஒவ்வொரு முறை சோப்பு போடும்போதும் அழுக்கோடு அந்தக் கொழுப்புப் பூச்சிலும் கொஞ்சம் கரைந்து போகிறது. நல்ல தோல் சில மணிநேரத்தில் அதைச் சரிக்கட்டிக்கொள்ளும்.

கரப்பான் உள்ளவர்களுக்கு அந்தச் சரிக்கட்டல் சரியாக நடப்பதில்லை. பிலாக்ரின் என்ற புரதம் வெளிப்படலத்தின் கட்டுமானத்துக்கும் அதன் ஈரப்பதத்துக்கும் இன்றியமையாதது. அதை உருவாக்கும் மரபணுவில் உள்ள பிழைகள் கரப்பானுக்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன என்பது 2006இல் வெளிவந்த ஆய்வுகளில் உறுதியாயிற்று. சுவரில் இடைவெளி விழுந்தால் நீர் வெளியேறும், ஒவ்வாமைப் பொருள்களும் கிருமிகளும் உள்ளே நுழையும், நோய் எதிர்ப்பு மண்டலம் விழித்துக்கொள்ளும், அரிப்பெடுக்கும். சொறிந்தால் சுவர் இன்னும் பெயரும். என் கணுக்களில் இதை அப்படியே பார்க்கிறேன். முதலில் தோல் லேசாகச் சொரசொரப்பாகும். மடிப்புக் கோடுகளின் ஓரத்தில் மாவு தூவியதைப் போன்ற வெண்மை தெரியும். அந்தக் கட்டத்தில் களிம்பு தடவிக்கொண்டால் அத்தோடு நின்றுவிடும். இரண்டு நாள் அசட்டையாக இருந்தால் கோடுகள் வெடித்து, விரலை மடக்கும்போது சுருக்கென்று வலிக்கும். விலையுயர்ந்த பூச்சுகளைத் தேடி அலைவதைவிட, குளித்து மூன்று நிமிடத்துக்குள், தோலில் ஈரம் காயும் முன்பே, மணமற்ற வெறும் எண்ணெய்க் களிம்பைத் தாராளமாகத் தடவுவது எவ்வளவோ மேல் என்பது என் கருத்து. வாசனை சேர்த்த பூச்சுகளை நான் தொடுவதில்லை. வாசனைப் பொருளே ஒவ்வாமைக்குக் காரணமாகிவிடும் வழக்கு ஏராளம்.

ஒவ்வாமை என்றதும் மேல்தோலில் கிளை பரப்பிக்கொண்டு காவலிருக்கும் ஒரு வகைச் செல்லைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 1868இல் பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்த பவுல் லாங்கர்ஹான்ஸ் இவற்றைக் கண்டுபிடித்தார். கிளைகளைப் பார்த்து நரம்புச் செல்கள் என்றே நம்பினார். உள்ளே நுழையும் அந்நியப் பொருளைப் பிடித்து நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோய்க் காட்டிக்கொடுப்பதுதான் அவற்றின் வேலை என்பது தெரிய ஒரு நூற்றாண்டு ஆயிற்று. கடிகாரப் பட்டையின் கொக்கியோ காதணியோ பட்ட இடத்தில் நிக்கல் ஒவ்வாமையால் அரித்துத் தடிக்கிறதே, அந்தத் தகவல் பரிமாற்றத்தின் விளைவு அது. தொட்டவுடன் வராமல் ஒன்றிரண்டு நாள் கழித்து வருவதால், எதனால் வந்தது என்று பலருக்கும் பிடிபடுவதில்லை. இதனால்தான், சந்தேகப்படும் பொருளைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் ஒட்டுச் சோதனையை 48 மணி நேரம் கழித்தும் 96 மணி நேரம் கழித்தும் பார்க்கிறார்கள்.

இனி, இறந்த படலத்திலேயே குடியிருக்கும் நோய்களுக்கு வருவோம். படர்தாமரையை உண்டாக்கும் பூஞ்சைகள் கெரட்டினை உண்டு வாழ்பவை. ஆகவே அவை வெளிப்படலம், முடி, நகம் ஆகிய மூன்று இடங்களைத் தாண்டிப் பெரும்பாலும் உள்ளே போவதில்லை. அப்படியானால் வட்டமாகச் சிவந்து, ஓரம் தடித்து, தாங்கமுடியாமல் அரிப்பது ஏன்? அந்தச் சிவப்பும் அரிப்பும் பூஞ்சை செய்வதன்று. பூஞ்சை மேலே மேய்வதை உணர்ந்து, கீழேயுள்ள அடித்தோல் அனுப்பும் எதிர்ப்பு. நோய் வெளியோரமாக நகர்ந்துகொண்டே போவதால், மையம் தெளிந்து விளிம்பு மட்டும் கனன்றுகொண்டிருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால், ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் படர்தாமரைக்குத் தடவுவது எவ்வளவு பெரிய தவறு என்பது தானாகவே விளங்கும். ஸ்டீராய்டு அந்த எதிர்ப்பை அடக்குகிறது. இரண்டே நாளில் சிவப்பு மங்கும், அரிப்பு நிற்கும், குணமாகிவிட்டது என்று மனம் நம்பும். தட்டிக்கேட்க ஆளில்லாத பூஞ்சையோ அகலமாகப் பரவும். களிம்பை நிறுத்தியதும் முன்னைவிட மோசமாகத் திரும்பும். மறுபடியும் அதே களிம்பு. மாதக்கணக்கில் இப்படிப் போனால் வட்ட வடிவமே கலைந்து, பார்க்கிற மருத்துவரே சட்டென்று அடையாளம் காண முடியாத நிலை வந்துவிடும்; தோலும் மெலிந்து வரிவரியாகப் பிளக்கும். மூன்று நான்கு மருந்துகளை ஒரே குழாயில் அடைத்து, எந்தப் படைக்கும் இதுவே போதும் என்று கைமாற்றிக்கொள்ளும் பழக்கத்தைப் போலத் தோலுக்குக் கேடு செய்வது வேறொன்றில்லை என்பேன். தோலைச் சிறிது சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சை இழைகள் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். அவ்வளவு எளிய சோதனை இருக்கும்போது ஊகத்தில் மருந்து போட வேண்டியதில்லை.

தேமலும் பூஞ்சையால் வருவதுதான். ஆனால் அது வெளியிலிருந்து தொற்றுவதன்று, எல்லோர் தோலிலும் எப்போதும் இருக்கும் மலாசேசியா என்ற ஈஸ்ட் அளவுமீறிப் பெருகுவதால் வருவது. மருந்தில் பூஞ்சை அடங்கிய பிறகும் வெளிறிய நிறம் மாறச் சில மாதங்கள் ஆகும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் மருந்து பலிக்கவில்லை என்று வேறு மருந்து தேடத் தொடங்கிவிடுவார்கள்.

சிரங்குப் பூச்சியும் அதே மேல்மட்டத்தில்தான் வளை தோண்டுகிறது. அரை மில்லிமீட்டருக்கும் குறைவான பெண் பூச்சி, வெளிப்படலத்துக்குள் சுரங்கமிட்டு முட்டையிட்டுக்கொண்டே நகரும். விரலிடுக்கில் நல்ல வெளிச்சத்தில் பார்த்தால், சாம்பல் நிறத்தில் அரை சென்டிமீட்டர் நீளத்துக்கு வளைந்து நெளிந்த ஒரு கீற்று தெரியும். அதன் ஒரு முனையில் கரும்புள்ளியாக இருப்பது பூச்சி. இத்தாலியரான போனோமோவும் செஸ்டோனியும் 1687இலேயே இதைப் பார்த்து எழுதிவிட்டார்கள். உலகம் நம்பத்தான் ஒன்றரை நூற்றாண்டு எடுத்துக்கொண்டது. முதன்முறை தொற்றும்போது அரிப்பு தொடங்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், ஏனென்றால் அரிப்பு பூச்சியின்மீது உடல் வளர்த்துக்கொள்ளும் ஒவ்வாமை. அந்த இடைவெளியில் வீட்டில் உள்ளவர்களுக்கெல்லாம் பரவியிருக்கும். எனவே அரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டிலுள்ள அனைவரும் ஒரே இரவில் கழுத்திலிருந்து பாதம் வரை பூச்சியைக் கொல்லும் பெர்மெத்ரின் களிம்பைத் தடவ வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும் தடவ வேண்டும். துணியையும் படுக்கை விரிப்பையும் வெந்நீரில் துவைக்க வேண்டும். ஒருவர் விட்டுப்போனாலும் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

உயிருள்ள மேல்தோலுக்கு இறங்கினால் சொரியாசிஸ். நான்கு வாரத்தில் நடக்க வேண்டிய பயணத்தைச் செல்கள் ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுகின்றன. முதிர்ச்சி அடையாமலே மேலே வந்து குவிவதால் வெள்ளி நிறச் செதில்கள் அடுக்கடுக்காக நிற்கின்றன. செதிலைப் பெயர்த்தால் ஊசி முனையளவு ரத்தப் புள்ளிகள் தோன்றும்; அடித்தோலின் நுண்குழாய்கள் நீண்டு, மேற்பரப்புக்கு மிக அருகில் வந்துவிட்டதன் அடையாளம் அது. செல்களை இப்படி விரட்டுபவை நோய் எதிர்ப்பு மண்டலத்தின் செய்திப் புரதங்கள். அவற்றில் இன்டர்லூகின் 17, இன்டர்லூகின் 23 என்ற இரண்டைத் தடுக்கும் ஊசி மருந்துகள் கடந்த சில ஆண்டுகளில் கடுமையான நோயாளிகளின் வாழ்க்கையையே மாற்றியிருக்கின்றன. இது தொற்றுநோய் அன்று. கைகுலுக்குவதாலோ ஒரே துண்டைப் பயன்படுத்துவதாலோ வராது. கீறல் பட்ட கோட்டிலேயே புதிய திட்டு முளைக்கும் விந்தையை 19ஆம் நூற்றாண்டில் ஹைன்ரிக் கோப்னர் விவரித்தார். ஆகவே இந்நோய் உள்ளவர்கள் தோலைச் சுரண்டித் தேய்ப்பதைத் தவிர்ப்பது நல்லது. மூட்டு வலியும் காலையில் விரல் இறுக்கமும் சேர்ந்திருந்தால் மருத்துவரிடம் அவசியம் சொல்ல வேண்டும். அதே நோய் மூட்டையும் தாக்கக்கூடும்.

அதே மேல்தோலின் அடிவரிசையில், கெரட்டின் செல்களுக்கு நடுவே ஆங்காங்கே மெலனோசைட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 36 அண்டைச் செல்களுக்கு மெலனின் என்னும் நிறமியை வழங்குகிறது. வாங்கிய செல் அதைத் தன் உட்கருவின் வெயில் படும் பக்கத்தில் குவித்துக்கொண்டு டிஎன்ஏவைக் காக்கிறது. கறுப்பு, வெளுப்பு, மாநிறம் என எந்தத் தோலாயினும் இந்தச் செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். அவை செய்யும் மெலனினின் அளவும் வகையும்தான் வேறுபடுகின்றன. நிறத்தின் பெயரால் மனிதர்கள் ஒருவரையொருவர் படுத்திய பாட்டுக்கெல்லாம் அடிப்படை இவ்வளவே. வெளுப்பாக்கும் களிம்புகளில் பாதரசமும் கடும் ஸ்டீராய்டும் மறைத்துச் சேர்க்கப்பட்டிருப்பது பல நாடுகளின் சோதனைகளில் திரும்பத் திரும்ப வெளிப்படுகிறது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

மெலனோசைட்டுகளை உடலின் எதிர்ப்புச் செல்களே அழித்துவிட்டால் வெண்புள்ளி தோன்றுகிறது. உலக மக்களில் 100 பேருக்கு ஒருவர் என்ற அளவில் காணப்படும் இதுவும் தொற்றாது. நிறம் திரும்பும் விதத்தை உற்றுப் பார்த்தால் தோலின் அமைப்பே தெரியும். வெண்திட்டின் நடுவே, ஒவ்வொரு மயிர்க்காலைச் சுற்றியும் சிறு சிறு பழுப்புப் பொட்டுகளாக நிறம் முளைத்து, பிறகு ஒன்றோடொன்று சேர்கிறது. மயிர்க்காலின் ஆழத்தில் பதுங்கியிருந்த மெலனோசைட் மூலச்செல்கள் மேலேறி வருவதே காரணம். மயிர்க்கால் இல்லாத விரல்நுனியிலும் உதட்டிலும் நிறம் எளிதில் திரும்பாததற்கும், திட்டின்மேல் உள்ள முடியே வெளுத்துவிட்டால் மருத்துவம் கடினமாவதற்கும் விளக்கம் இதிலேயே இருக்கிறது.

மேல்தோலும் அடித்தோலும் சேரும் எல்லை தனிக் கவனத்துக்குரியது. கொப்புளம் எங்கே பிளந்தது என்பதை வைத்தே நோயைப் பிரிக்கலாம். மேல்தோலின் செல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் புரதத்தை உடலின் எதிர்ப்புப் பொருள்களே தாக்கினால் கொப்புளத்தின் கூரை மெல்லியதாக இருக்கும். தொட்டாலே உடைந்து புண்ணாகும். பெம்பிகஸ் என்ற இந்நோய் ஸ்டீராய்டு மாத்திரைகள் வருவதற்கு முன் பெரும்பாலும் உயிரைப் பறித்துவிடும். மேல்தோலை அடியோடு ஒட்டிவைக்கும் சவ்வில் பிளவு விழுந்தாலோ கூரை முழு மேல்தோலின் தடிமனில் இருப்பதால் கொப்புளம் விறைப்பாக, உடையாமல் நிற்கும். இது பெரும்பாலும் முதியவர்களுக்கு வருவது. இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் மிகச் சிறிய பங்கு. விளைவில் மலையளவு வேறுபாடு. இந்தச் சவ்வின் பிணைப்புப் புரதம் பிறவியிலேயே இல்லாத ஒரு சிறுவனுக்கு 2015இல் ஜெர்மனியில், அவனுடைய செல்களையே எடுத்து மரபணுவைத் திருத்தி, வளர்த்த மேல்தோலை உடலின் ஏறத்தாழ 80 விழுக்காட்டில் ஒட்டினார்கள். அந்தத் தோல் அவனுடையதாகவே நிலைத்துவிட்டது.

அடித்தோல் முற்றிலும் வேறு உலகம். இங்கே செல்கள் குறைவு. கொலாஜன் இழைகளே பெரும்பகுதி, நடுவே எலாஸ்டின். இழைகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்பதை 1861இல் வியன்னாவின் கார்ல் லாங்கர் சடலங்களில் ஊசியால் குத்தி வரைந்து காட்டினார். அந்தக் கோடுகளை ஒட்டிக் கீறினால் தழும்பு மெல்லியதாக அமையும். மேல்தோல் மட்டும் சிராய்த்தால் சுவடின்றி ஆறும். அடித்தோல் வரை கிழிந்தால் கொலாஜன் பழைய பின்னல் இல்லாமல் நிரப்பப்படுவதால் தழும்பு நிச்சயம். பச்சை குத்தியது நிலைப்பதும் மை இந்த ஆழத்தில் தங்குவதால்தான். மேல்தோலில் தங்கியிருந்தால் ஒரு மாதத்தில் உதிர்ந்திருக்கும்.

வெயிலின் கணக்கும் ஆழத்தைப் பொறுத்ததே. புற ஊதா பி கதிர்கள் பெரும்பாலும் மேல்தோலோடு நின்று, அங்கே வைட்டமின் டி உருவாவதையும் தொடங்கிவைக்கின்றன, தோல் வெந்து சிவப்பதையும் செய்கின்றன. புற ஊதா ஏ கதிர்கள் அடித்தோல் வரை இறங்கி எலாஸ்டினையும் கொலாஜனையும் சிதைக்கின்றன; சன்னல் கண்ணாடி இவற்றை முழுவதும் தடுப்பதில்லை. 28 ஆண்டுகள் சரக்குந்து ஓட்டிய 69 வயதுக்காரர் ஒருவரின் படம் 2012இல் ஒரு மருத்துவ இதழில் வெளியானது. கண்ணாடிப் பக்கமிருந்த பாதி முகம் ஆழ்ந்த சுருக்கங்களோடு தொங்குகிறது. மறுபாதி பத்துப் பதினைந்து வயது இளையவருடையதாகத் தோன்றுகிறது. சுருக்கம் நீக்கும் பூச்சுகளின் விளம்பரங்கள் அனைத்தையும்விட அந்த ஒரு படம் அதிகம் கற்றுத்தரும்.

அடித்தோலின் ரத்தக் குழாய்களும் வியர்வைச் சுரப்பிகளும் உடலின் வெப்பத்தை ஆள்கின்றன. சாதாரணமாக நிமிடத்துக்குச் சில நூறு மில்லிலிட்டர் ரத்தம் தோலுக்குப் பாய்கிறது. கடும் வெப்பத்தில் அது 6 முதல் 8 லிட்டர் வரை உயரக்கூடும். 20 முதல் 40 லட்சம் வியர்வைச் சுரப்பிகள் சேர்ந்து ஒரு லிட்டர் வியர்வையைச் சுரந்து, அது முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் வெளியேறும். ஆவியாக வேண்டும் என்பதே நிபந்தனை. ஈரப்பதம் மிகுந்த காற்றில் சொட்டிக் கீழே விழும் வியர்வையால் பயனில்லை. சுரப்பியின் குழாய் அடைபட்டால் வேர்க்குரு. அதிலும் ஆழமே தோற்றத்தைத் தீர்மானிக்கிறது: வெளிப்படலத்தில் அடைத்தால் பனித்துளி போன்ற, அரிக்காத கொப்புளங்கள், உயிருள்ள மேல்தோலில் அடைத்தால் சுருக்சுருக்கென்று குத்தும் சிவந்த பொரி, அதற்கும் கீழே அடைத்தால் தோல் நிறத்திலேயே கெட்டியான முண்டுகள்.

தொடுவுணர்வின் கருவிகளும் பெரும்பாலும் இங்கேதான். இரண்டு பென்சில் முனைகளை மூன்று மில்லிமீட்டர் இடைவெளியில் விரல்நுனியில் வைத்தால் இரண்டு என்று தெரியும். முதுகில் நான்கு சென்டிமீட்டர் விலக்கி வைத்தாலும் ஒன்றென்றே தோன்றும். வெப்பத்தையும் தொடுதலையும் நரம்பு உணரும் வாயில்களைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படாபூடியன் இருவருக்கும் 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. நீரில் வெகுநேரம் ஊறிய விரல் சுருங்குவது தோல் உப்புவதால் மட்டுமன்று. நரம்பு வெட்டுப்பட்ட விரல் ஊறினாலும் சுருங்காது என்பதை 1930களிலேயே கவனித்திருக்கிறார்கள். நரம்பின் ஆணையில் ரத்தக் குழாய்கள் இறுகுவதே முதன்மைக் காரணம்.

தொழுநோய்க் கிருமி இந்த நரம்புகளைத்தான் தேடிப்போகிறது. நார்வேயின் அர்மவர் ஹான்சன் 1873இல் கண்ட இக்கிருமி, உடலின் குளிர்ந்த பகுதிகளை விரும்புவதால் தோலிலும் காதுமடலிலும் மூக்கிலும் தங்கும். வெளிறிய திட்டு அரிக்கவில்லை, வலிக்கவில்லை, தொட்டால் உணர்ச்சியே இல்லை என்றால் அதுதான் ஆபத்தான அடையாளம். அரிக்காத திட்டைப் பொருட்படுத்தாமல் விடுவதே மனித இயல்பு. இந்நோய் முற்றுவதும் அதனால்தான். 1980களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துகளால் 6 முதல் 12 மாதங்களில் குணப்படுத்திவிடலாம். இழந்த உணர்ச்சி முழுவதுமாகத் திரும்புவது அரிது.

திடீர்த் தடிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அடித்தோலின் மேற்பகுதியில் ஹிஸ்டமின் கசிந்து நீர் கோர்ப்பதால் வருவது. எந்தத் தடிப்பும் ஒரே இடத்தில் 24 மணி நேரத்துக்குமேல் நிற்பதில்லை. நீர் இன்னும் ஆழத்தில் கோர்த்து உதடோ நாக்கோ வீங்கினால், மூச்சு அடைக்கும் வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மயிர்க்கால் என்பது மேல்தோல் அடித்தோலுக்குள் குழிந்து இறங்கிய இடம். முகப்பரு அதன் வாயில் தொடங்குகிறது. பருவ வயதின் ஹார்மோன்கள் எண்ணெய்ச் சுரப்பியைத் தூண்டுகின்றன. இறந்த செல்கள் எண்ணெயோடு ஒட்டி வாயை அடைக்கின்றன. உள்ளே பாக்டீரியா பெருகுகிறது. கரும்புள்ளியின் கறுப்பு அழுக்கன்று, காற்றுப்பட்டுக் கறுத்த மெலனின். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் போகாது. பருவைப் பிதுக்கினால் பைச் சுவர் கிழிந்து சரக்கு அடித்தோலுக்குள் சிந்தும், அங்கே அழற்சி மூண்டு குழித் தழும்பாகும். அதே மயிர்க்கால்தான் தீக்காயத்தில் நம்மைக் காப்பாற்றுகிறது. அடித்தோலின் மேற்பகுதி வரை வெந்தாலும், மயிர்க்கால்களில் மிச்சமிருக்கும் செல்கள் மேலேறிப் பரவிப் புதிய மேல்தோலை நெய்துவிடும். மயிர்க்காலும் சேர்ந்து வெந்துபோன காயம் பெரிதாக இருந்தால் ஒட்டுத்தோல் வைக்காமல் ஆறுவதில்லை. அத்தகைய காயத்தின் நடுவில் வலியும் இருக்காது, ஏனெனில் வலியை உணரும் நரம்பு முனைகளும் எரிந்துவிட்டன.

கொழுப்படுக்கில் தொற்று இறங்கினால் கால் சூடாகி, வீங்கி, சிவப்பு மணிக்கணக்கில் ஏறும், காய்ச்சலும் வரும். களிம்பு எட்டாத ஆழம் அது, மாத்திரையோ ஊசியோ தேவை. கறுத்த தோலில் அந்தச் சிவப்பு ஊதாவாகவோ கரும்பழுப்பாகவோதான் தெரியும். மருத்துவப் பாடநூல்களின் படங்கள் நெடுங்காலமாக வெளுத்த தோலையே காட்டிவந்ததால், கறுத்த தோலில் வரும் நோய்கள் தாமதமாகக் கண்டறியப்படுவது உண்மையான குறை.

கடைசியாகப் புற்றுநோய். மெலனோசைட்டுகளில் தோன்றும் மெலனோமாவின் போக்கை முன்கூட்டிச் சொல்ல, அது தோலுக்குள் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று அளப்பது பெரிதும் உதவும் என 1970இல் அலெக்சாண்டர் பிரெஸ்லோ காட்டினார். ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்கும்போது வெட்டி எடுத்தால் பெரும்பாலோர் முழுமையாகப் பிழைக்கிறார்கள். நான்கைத் தாண்டினால் ஆபத்து வெகுவாகக் கூடும். இன்றளவும் அந்த அளவுகோல்தான் நடைமுறையில் இருக்கிறது. மச்சத்தின் இரு பாதிகளும் பொருந்தாமை, ஒழுங்கற்ற விளிம்பு, பல நிறங்கள், 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட அகலம், எல்லாவற்றுக்கும் மேலாக அண்மைக்கால மாற்றம் ஆகியவை எச்சரிக்கைக் குறிகள். கறுத்த தோலுக்கு இந்நோய் வராது என்று நினைப்பது பிழை. குறைவாக வரும், வெயில் படாத உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும் வரும். பாடகர் பாப் மார்லி 1981இல் தம் 36ஆம் வயதில் இறந்தது கால் பெருவிரல் நகத்தடியில் தொடங்கிய மெலனோமாவால். ஒரே ஒரு நகத்தில் கறுப்புக் கோடு புதிதாகத் தோன்றி மாதாமாதம் அகலமானாலோ, அந்தக் கறுப்பு நகத்தைத் தாண்டி ஓரத் தோலுக்குப் பரவினாலோ, அடிபட்ட ரத்தக்கட்டு என்று விட்டுவிடாமல் தோல் மருத்துவரிடம் காட்டித் திசுச் சோதனை செய்துகொள்ள வேண்டும். ரத்தக்கட்டாக இருந்தால் நகம் வளர வளர அது நுனியை நோக்கி நகரும், அதன் அடியில் நகம் தெளிவாக முளைக்கும். மெலனோமாவின் கோடு நகத்தின் வேரிலிருந்து விலகாது.